வாயை மட்டும் அசைத்த குருவி

அல்லிக் குளத்துத் தவளைகள் மழைக்காலம் முழுவதும் மாலையில் கரையில் கூடிப் பாடும். யார் வந்தாலும், "வா, வந்து பாடு!" என்று சேர்த்துக்கொள்ளும். குரல் எப்படி என்று கேட்பதில்லை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அதுதான் அந்தக் குளத்து வழக்கம்.

அப்படி வந்து சேர்ந்தது ஓர் ஆட்காட்டிக் குருவி. அதன் பழைய குளம் வற்றிப்போயிருந்தது. துணைக்கும் யாருமில்லை. ஒரு தேரைதான் அதைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது. பாட்டின் நடுவே ஏதாவது அரவம் கேட்டால் ஆட்காட்டி வீச்சென்று கத்திவிடும். எல்லாம் தண்ணீருக்குள் குதிக்கும். பிறகு கரையேறி, விட்ட இடத்திலிருந்து பாடும்.

ஒருநாள் குயில் பாட்டுக் கேட்க வந்தது. "எல்லாம் பிரமாதம்! அந்தக் குருவி கத்துவதுதான் காதைக் குடைகிறது! நாளைக்கு அது இல்லாமல் பாடுங்கள், கேட்கிறேன்" என்றது. காக்கைக் கூட்டில் ஒட்டிக்கொண்டு வளர்ந்த குயிலுக்குப் பேச்சைப் பாருங்கள்!

தவளைத் தலைவருக்கோ புகழாசை. ஆட்காட்டியைத் தனியே அழைத்தார்.

"உன்னைப் போகச் சொல்லலை, தங்கச்சி! எப்பவும்போல நில்லு. வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது!"

"சரி அண்ணே" என்றது ஆட்காட்டி.

இதைக் கேள்விப்பட்ட தேரைக்கு ஆத்திரம் வந்தது. "இது என்னடி நியாயம்? நான் போய்க் கேட்கிறேன்!"

"விடு அக்கா. நிக்க இடம் இருக்கே, அது போதும்."

மறுநாள் மாலை குயில் கிளையில் அமர்ந்திருந்தது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஆட்காட்டி வாயை அசைத்தது. அப்போது கோரைப் புல்லுக்குள் ஒரு சாரைப்பாம்பு வருவதைக் கண்டது.

கத்தினால் துரத்திவிடுவார்களோ? ஒரு நொடி தயங்கியது, பாவம். அடுத்த நொடி வீச்சென்று கத்தியது. தவளைகள் குதித்துத் தப்பின. வேகமாய்த் தாவ முடியாத தேரை பாம்பின் வாயில் இருந்தது. குயில் பறந்துபோய்விட்டது.

"முன்னாடியே ஏம்மா கத்தலை?" என்று தலைவர் அழுதார்.

"வாயை மட்டும் அசைக்கச் சொன்னீங்களே, அண்ணே!"

மறுநாள் தலைவர், "உன் இஷ்டம்போலக் கத்து, தாயே!" என்று கெஞ்சினார். ஆட்காட்டி வெறுமையாய்க் கிடந்த பக்கத்து இடத்தைப் பார்த்தது. அதற்குக் குரல் எழவில்லை.

ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டு அவர் குரலைப் பறிப்பது, வாசலைத் திறந்துவிட்டுக் கழுத்தை நெரிப்பதற்குச் சமம்.