முன்னிருக்கை

தாமிரபரணியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கயாக் என்னும் ஒடுக்கமான துடுப்புப் படகு விடும் ஒரு கூட்டம் இருந்தது. ஒரு பல் டாக்டர், ஓர் அல்வாக் கடைக்காரர், கல்லூரிப் பெண்கள் சிலர், வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள் சிலர். அவர்களுக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தவர் பிரிசில்லா. அந்தக் கூட்டத்தில் பலரைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லாரும் அவரைக் கோச் என்றே அழைத்தார்கள்.

கோச் அதிகம் பேசமாட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரே பாடம்தான்.

"துடுப்பு கையில இருக்கும். ஆனா போடுதது காலு."

கயாக்கின் உள்ளே, காலை நீட்டினால் பாதம் படுகிற இடத்தில், இருபுறமும் உள்ளங்கை அளவில் மிதிகள் இருக்கும். வலது பக்கம் துடுப்பு இழுக்கும்போது வலது காலால் மிதியை உந்த வேண்டும். இடது பக்கம் என்றால் இடது கால். கையை மட்டும் நம்பினால் தோள்தான் வலிக்கும். எல்லாரும் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். பிறகு பெரும்பாலோர் கையால்தான் போடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் உட்காரும் கயாக் ஒன்றுதான் இருந்தது. அது நம்பிராஜனுடையது. ஐம்பதைத் தாண்டியவர், நிலம் அளக்கும் வேலை. பின்னிருக்கையில் அவர் இருப்பார். முன்னிருக்கையில், பேருக்கு ஒரு துடுப்போடு, அவர் மனைவி உலகம்மாள்.

"நான் தள்ளுதேன். மகாராணி போறா" என்று மற்றப் படகுகளுக்குக் கேட்கும்படி சொல்வார் நம்பிராஜன். எல்லாரும் சிரிப்பார்கள். உலகம்மாள் திரும்பமாட்டாள்.

போன வருஷம் மாசியில் உலகம்மாள் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

சில மாதங்கள் நம்பிராஜன் வரவில்லை. வந்தபோது ஒரு சாக்கில் மணல் கட்டிக் கொண்டுவந்தார். முன்னிருக்கை காலியாக இருந்தால் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளும், காற்று அதைத் திருப்பிவிடும். அதனால் மூட்டையை அங்கே வைத்தார். மிதவை ஜாக்கெட் போடாமல் யாரும் படகில் ஏறக்கூடாது என்பது கூட்டத்தின் விதி. மூட்டைக்கு உலகம்மாளின் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டி வாரை இறுக்கினார்.

"என்ன அண்ணாச்சி, மூட்டைக்கு நீச்சல் தெரியாதோ?" என்றார் அல்வாக் கடை சாகுல்.

யாரும் சிரிக்கவில்லை. சாகுல் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுவாரம் அவரே ஒரு கை பிடித்து மூட்டையைப் படகில் ஏற்றிவிட்டார்.

ஆனால் படகு பழையபடி ஓடவில்லை. எல்லாரும் பாலத்தை எட்டிய பிறகும் நம்பிராஜன் மருத மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

"அதே எடைதான் கோச். அவ என்ன கனம் இருந்தாளோ அதே கனத்துக்கு மணல். பிறகு ஏன் இழுக்க முடியல? அடியில விரிசல் இருக்கோ?"

கோச் படகைக் கவிழ்த்துத் தடவிப் பார்த்தார்.

"விரிசல் இல்ல."

"அப்ப எனக்கு வயசாயிட்டு."

கோச் படகை நிமிர்த்தி வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்பிராஜன் எல்லாருக்கும் முன்னால் படித்துறைக்கு வந்துவிட்டார். கோச் துடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படகைக் கொடுத்திரப் போறேன் கோச். அணைப் பக்கம் ரிசார்ட் வச்சிருக்கிற ஒருத்தர் கேட்டாரு. இன்னைக்குப் பாலத்துக்கு வண்டி அனுப்புதாரு. சாகுல்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏன்?"

நம்பிராஜன் படியில் உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தபடி பேசினார்.

"தெவசத்துக்குக் கொழுந்தியா வந்திருந்தா. சாப்பிட்டு முடிச்சு வெத்தலை போடும்போது சொல்லுதா, அக்காவுக்குச் சின்ன வயசுலேருந்தே தண்ணின்னா பயம், உங்களுக்காகத்தான் அத்தான் வந்தா, அப்படீன்னு. அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

கோச் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில, போவோமான்னு நான்தான் கேப்பேன். ம்னு எந்திரிப்பா. அவ்வளவுதான். பிடிச்சிருக்கான்னு ஒருநாளும் கேட்டதில்ல. தண்ணி அமைதியா இருக்கிற இடத்துல முன்னால போற படகுக்காரங்க எல்லாரும் திரும்பித் திரும்பிப் பேசுவாங்க. இவ ஒரு தடவைகூடத் திரும்பினதில்ல. கோபமாத்தான் இருந்தாளோ? ஆத்துல நான் பார்த்ததெல்லாம் அவ முதுகுதான் கோச். முகத்தைப் பார்த்ததே கிடையாது."

அவர் கோச்சின் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்பவும் எங்களுக்கு முன்னால போய்த் திரும்பி நின்னு பார்ப்பீங்கல்லா. அவ முகத்தைப் பார்த்திருப்பீங்க. அதுல என்ன இருந்துச்சு? அவளுக்காக வந்தாளா, எனக்காக வந்தாளா? அதை மட்டும் சொல்லுங்க. அவளுக்காகன்னா படகு என்கிட்ட இருக்கட்டும். இல்லன்னா அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆகாது."

"பார்த்திருக்கேன். சொல்லமாட்டேன்" என்றார் கோச்.

"ஏன்?"

"மூட்டையை இறக்குங்க. பாலம் வரைக்கும் நாம ரெண்டு பேரும் கொண்டுபோய் விடுவோம்."

மூட்டையை இறக்கிப் படியில் சாய்த்து வைத்தார் நம்பிராஜன். ஜாக்கெட்டோடு அது அங்கே உட்கார்ந்திருந்தது. பிறகு வழக்கம்போலப் பின்னிருக்கைக்குக் காலைத் தூக்கினார்.

"முன்னால" என்றார் கோச்.

நம்பிராஜன் நின்றார். படகு வாங்கிய நாளிலிருந்து அவர் முன்னிருக்கையில் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்ததும் முழங்கால்கள் இரண்டும் மார்புக்கு நேராக வந்தன. உலகம்மாள் குள்ளம். மிதிகள் அவள் காலுக்கு எட்டும்படி வைக்கப்பட்டிருந்தன.

"மிதியைத் தள்ளி வைங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும்."

"கால் ஊணாது."

"அது அவ அளவு கோச்."

ஒருவர் போன பிறகு வாசலில் கிடக்கும் அவருடைய செருப்பை நகர்த்தவே கை கூசுகிறது. கோச் மேற்கொண்டு வற்புறுத்தாமல் பின்னால் ஏறிக்கொண்டார்.

தடுப்பணை மதகைத் தாண்டியதும் ஆறு முழங்கால் உயரத்துக்கு ஒரு சரிவில் இறங்கும். கூட்டத்தில் எல்லாரும் சாதாரணமாகத் தாண்டும் இடம். நம்பிராஜனால் காலை ஊன்ற முடியவில்லை. இடுப்பு ஆடியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த நொடி இருவரும் தண்ணீருக்குள் இருந்தார்கள்.

நாணல் ஓரத்தில் இடுப்பளவு ஆழத்தில் எழுந்து நின்றபோது நம்பிராஜனின் காதில் பாசி தொங்கியது.

"கீழே மீன் ஏதும் பார்த்தீங்களா?" என்றார் கோச்.

"நாலஞ்சு கெண்டை. என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போச்சு."

படகை மணல் திட்டுக்கு இழுத்துக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார்கள். மறுபடி நிமிர்த்தியதும் கோச் முன்னிருக்கையைக் காட்டினார்.

"இப்ப தள்ளி வைங்க. இன்னொரு தடவை முங்க எனக்குத் தெம்பு இல்ல."

நம்பிராஜன் மணலில் முழங்காலிட்டுக் கையை உள்ளே விட்டார். மிதிக்குப் பின்னால் இருக்கும் கொக்கியைத் தேடினார். விரல் எதிலோ வழுக்கியது. தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தார்.

கால் வழுக்காமல் இருப்பதற்காக மிதிகளில் வரிவரியாக வார்த்திருப்பார்கள். உலகம்மாளின் மிதிகளில் வரிகளே இல்லை. இரண்டும், குதிகாலுக்கு மேல் பாதம் அழுத்தும் இடத்தில், ஆற்றுக் கூழாங்கல் மாதிரி தேய்ந்து குழிந்திருந்தன.

அவர் எழுந்து பின்னிருக்கைக்குப் போனார். அங்கேயும் கையை விட்டுத் தடவினார். தம் மிதிகள். வரிகள் கடையில் வாங்கி வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே கூர்மையாக இருந்தன.

வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"நான்தான் தள்ளுதேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் கோச்."

"தெரியும். கரையில துவைக்கிறவங்களுக்குக்கூடக் கேக்கும்."

"அவளுக்கும் கேட்டிருக்கும்லா."

"முன்னாலதானே இருந்தாங்க."

நம்பிராஜன் மறுபடியும் முன்னிருக்கையருகே வந்து உட்கார்ந்தார்.

"பயத்துலகூட மிதிச்சிருக்கலாம்" என்றார்.

"பயந்து மிதிச்சா உடையும் அண்ணாச்சி. இது தேஞ்சிருக்கு."

அவர் கொக்கியை அழுத்தினார். அது முதலில் அசையவில்லை. மணல் ஏறி இறுகியிருந்தது. இரண்டு கட்டை விரல்களையும் வைத்து அழுத்தினார். டக்கென்ற சத்தத்தோடு மிதி விட்டுக்கொடுத்து முன்னோக்கி நகர்ந்தது. அது இருந்த இடத்தில் பழைய நிறம் ஒரு கோடாகத் தெரிந்தது. இன்னொரு மிதியை நகர்த்தும்போது அவர் முகத்தைக் கோச் பார்க்கவில்லை. துடுப்பில் ஒட்டியிருந்த நாணலை எடுத்துக்கொண்டிருந்தார்.

மீண்டும் ஏறினார்கள்.

இந்த முறை நம்பிராஜனின் பாதம் அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்தது. வலது பக்கம் இழுத்தார், வலது கால் உந்தியது. இடது பக்கம் இழுத்தார், இடது கால் உந்தியது. படகு சட்டென்று முன்னே பாய்ந்தது. அவருக்கே தூக்கிவாரிப்போட்டது.

முன்னிருக்கையிலிருந்து ஆறு வேறு மாதிரி இருந்தது. கண் முன்னால் யாருடைய முதுகும் இல்லை, தண்ணீர்தான். ஒரு மீன்கொத்தி கூடவே பறந்து வந்து பாறையில் உட்கார்ந்தது. வளைவில் நீரோட்டம் இரண்டாகப் பிரிந்தபோது எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. படகே வலப்பக்கம் திரும்பியது. நுரை முகத்தில் அடித்தது. அவர் துடைத்துக்கொள்ளாமல் துடுப்புப் போட்டார். அமைதியான நீர் வந்தது, போனது. மருத மரத்தடி வந்தது. அங்கே அவர் நிற்கவில்லை.

பாலத்துக்குச் சற்று முன்னால், நிழல் விழும் இடத்தில், கோச்சின் துடுப்பு நின்றது. நம்பிராஜனும் துடுப்பை மடியில் வைத்தார். மூச்சு வாங்கியது. படகு தானாக மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து கோச்சின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, என் மேல கோபமா?"

"கோபமா? எனக்கென்ன கோபம்?"

"மணல் திட்டுலேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கோம். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலியே."

"திரும்பி என்ன பார்க்க? அதான் பின்னால நீங்க இருக்கீங்களே" என்றார் நம்பிராஜன்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

பாலத்தின் நிழல் படகின் மூக்கைத் தொட்டு, தேய்ந்த மிதிகளைத் தாண்டி, நம்பிராஜனின் மடிவரை ஏறி வந்தது. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

படித்துறைப் பக்கமிருந்து சாகுல் தம் படகில் வந்துகொண்டிருந்தார். பாலத்தின்மேல் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து கத்தினார்.

"அண்ணாச்சி! படகை ஏத்த வண்டி வந்துட்டு!"

நம்பிராஜன் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மிதியை உந்திப் பாலத்தைத் தாண்டினார். திரும்பவில்லை.