கணவாய்க்கு ஒரு வளைவு முன்னால்

கோமதிநாயகம் சாரைப் பாளையங்கோட்டையில் தெரியாதவர் கிடையாது. முப்பது வருஷம் பி.டி. வாத்தியார். அவர் விசில் ஊதினால் மைதானத்துக்கு வெளியே ரோட்டில் போகிற சைக்கிள்காரன்கூடக் காலை ஊன்றி நிற்பான். அப்படிப்பட்ட மனிதர், ரிட்டயர் ஆன கையோடு புல்லட் ஒன்றை வாங்கிக்கொண்டு, தன் மகள் வயசுப் பெண் ஒருத்தியிடம் போய்ச் சிஷ்யனாகச் சேர்ந்தார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே.

அந்தப் பெண்ணின் பெயர் ஜெசிந்தா. சமாதானபுரத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் பங்குனி பிறந்ததும், தான் பழக்கிய ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு வடக்கே பனிமலைக்குப் போய்வருவாள். அவளுக்கு அவர் ‘சார்’. அவருக்கு அவள் ‘மாஸ்டர்’. வயசு என்ன வயசு, கற்றுக்கொடுக்கிறவர் யாரானாலும் மாஸ்டர்தான் என்பது அவர் கட்சி.

இந்த வருஷம் ஜெசிந்தாவால் போகமுடியாது. முழுகாமல் இருந்தாள். வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பயணம் நிற்கக்கூடாது என்று அவள் ஒரே பிடிவாதம். அவள் புருஷன் ஸ்டான்லியும் சாரும் சேர்த்து ஆறு பேர் தயார். முன்னால் போவது யார் என்பது மட்டும்தான் பாக்கி.

அவள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் கையைத் தூக்கினால் பின்னால் வருகிறவர்கள் நிற்கவேண்டும். ஏன், எதற்கு என்றெல்லாம் மலையில் வைத்துக் கேட்கக்கூடாது. சண்டை போடுவதாக இருந்தால் ஊருக்கு வந்து போட்டுக்கொள்ளலாம். முன்னால் போகிற அந்த இடம் தனக்குத்தான் என்று சார் மனசுக்குள் என்றைக்கோ எழுதிவைத்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் ஜெசிந்தா ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்க வந்தபோது, வாசல் முழுக்கச் சுண்ணாம்புப் பொடிக் கோடு. மனிதர் கபடிக் களம் போட்ட கை அல்லவா, பயணத்தையே தரையில் போட்டு வைத்திருந்தார். ரயிலில் வண்டியை இறக்குகிற ஊர் ஒரு செங்கல். தங்குகிற ஊர்கள் செங்கல். பெட்ரோல் கிடைக்கிற இடத்தில் ஒரு தகரக் குவளை. கீழே மரங்கள் பூத்திருக்கும் இடம், மேலே வெட்டி ஒதுக்கின பனி ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கும் இடம், எல்லாம் இருந்தது. கடைசியில் கணவாய். அங்கே ஒரு சின்னக் கொடியே நட்டிருந்தார்.

“இதுல என்ன குறை இருக்கு மாஸ்டர், சொல்லுங்க.”

கேட்ட குரலில் குறை ஒன்றும் இருக்காது என்ற நினைப்பு நன்றாகவே தெரிந்தது. ஜெசிந்தா இடுப்பில் கை ஊன்றியபடி கோட்டோடு மெல்ல நடந்தாள். கொடி வரைக்கும் போனாள். அங்கேயே நின்றாள்.

“எங்க திரும்புவீங்க?”

“கணவாயில ஒரு போட்டோ எடுத்துட்டு, வந்த வழியே திரும்புறதுதான்.”

“அதைக் கேக்கல சார்,” என்றாள். உள்ளே போய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

சாருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் யோசித்தார். மறுநாள் இன்னும் ரெண்டு செங்கல் கூடியது. ஸ்பேர் டியூப், கிளட்ச் ஒயர், சளி மாத்திரை என்று விட்டதையெல்லாம் சேர்த்துச் சொன்னார். அவள் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டாள். மூன்றாம் நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் பையன்கள் எதிராளி களத்துக்குள் கபடி பாடிப் போகும்போது வெறுங்கையோடு வராதே என்றுதான் சொல்லி அனுப்புவாராம். திரும்புவதைப் பற்றி நினைக்கிறவன் எதையும் ஜெயிக்கமாட்டானாம். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

இதற்கிடையில் அவருடைய பழைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. நம் ஆட்களுக்குப் பொறுமை ஏது? மார்க்கெட் முக்கில் பெரிய பிளெக்ஸ் ஒன்று ஏறிவிட்டது. ‘பனிமலைக் கணவாயை வென்று திரும்பும் எங்கள் பி.டி. சாரே, வருக வருக!’ மனிதர் இன்னும் ரயிலே ஏறவில்லை. பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதைதான். என்னலே இது கூத்து என்று சார் அவர்களைச் சத்தம் போட்டார். போட்டுவிட்டு, காய்கறி வாங்கவேண்டிய அவசியம் ஒன்றும் இல்லாமலே மார்க்கெட் வழியாக ரெண்டு தடவை போய்வந்தார்.

அதற்கு அடுத்த நாள் ஜெசிந்தா அவர் வண்டி டாங்கில் இருந்த பெட்ரோலை எல்லாம் கேனில் இறக்கினாள். ஒரே ஒரு பாட்டில் பெட்ரோலை மட்டும் திரும்ப ஊற்றினாள்.

“மேக்க பாத்துப் போங்க சார். எவ்வளவு தூரம் முடியுமோ போயிட்டு, இங்க வந்து நில்லுங்க. வழியில பெட்ரோல் போடக்கூடாது.”

இது என்ன பெரிய வித்தை என்று சார் கிளம்பினார். காலை வெயில் முதுகில் அடித்தது. தூரத்தில் மேற்கு மலை நீலமாகத் தெரிந்தது. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சேரன்மாதேவி வரைக்கும் ஒரே ஓட்டம். அங்கே தெரிந்தவர் கடையில் டீ குடித்து, பனிமலை பற்றி நாலு வார்த்தை பெருமையாகப் பேசிவிட்டுத் திரும்பினார். பேட்டை தாண்டவில்லை, வண்டி இருமி இருமி நின்றுவிட்டது.

புல்லட்டைத் தள்ளினவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். சுட்டெரிக்கிற வெயிலில், டவுன் வழியாக, பாலத்தின் மேல், ஊரே பார்க்கத் தள்ளினார். ஆட்டோ ஓட்டுகிற பழைய மாணவன் ஒருவன் இறங்கி ஓடிவந்து, தள்ளவா சார் என்று கேட்டான். போலே வேலையைப் பாத்துக்கிட்டு என்று விரட்டிவிட்டார். மார்க்கெட் முக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பிளெக்ஸில் இருந்தவர் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப்பில் ஜெசிந்தா மோர் கொடுத்தாள். சிரிக்கவில்லை.

“எதுவரைக்கும் போனீங்க?”

“சேரன்மாதேவி.”

“நாளைக்கும் ஒரு பாட்டில்தான்.”

மறுநாள் சேரன்மாதேவிக்கு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போதே அவர் வண்டியை நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று வண்டி சொன்னது. மனசும் சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பினார். ஒர்க்‌ஷாப் வாசலில் ஓட்டிக்கொண்டே வந்து நின்றபோது ஜெசிந்தா டாங்கைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். உள்ளே பெட்ரோல் அலம்பியது.

“நீங்கதான் முன்னால போறீங்க,” என்றாள். “ஸ்டான்லியை உங்களுக்கு அடுத்தாப்ல விடுறேன்.”

அன்றைக்கு சார் வீடு போய்ச் சேர்ந்தபோது தரையில் கால் பாவவில்லை. வாத்தியார் வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்குக்கூட அவருக்கு இவ்வளவு பெருமை இல்லை.

போனார்கள். ஜெசிந்தா இல்லாத முதல் பயணம். கீழே பள்ளத்தாக்கில் மரமெல்லாம் வெள்ளையும் ரோஸுமாகப் பூத்திருந்தன. ஒவ்வொரு ஊரிலும் அவர் முன்னால், ஐந்து பேர் பின்னால். பாளையங்கோட்டைக்காரன் இங்கே வந்துவிட்டானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஓட்டினார்.

கணவாய்க்கு ஏறுகிற அன்றைக்குத்தான் காரியம் கெட்டது. வழியில் மண் சரிந்து கிடந்தது. ரோட்டுக்காரர்கள் அதை வாரித் தள்ளி வழிவிட மதியம் ஆகிவிட்டது. கடைசி வளைவுக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு ஓடை. பனி உருகி வருகிற தண்ணீர். காலையில் வந்திருந்தால் கணுக்கால் அளவு. இப்போது முழங்காலைத் தொட்டது. வெயில் ஏற ஏறக் கூடிக்கொண்டேதான் இருக்கும்.

சார் இறங்கித் தண்ணீருக்குள் நின்று பார்த்தார். ஷூவுக்குள் ஊசியாகக் குத்தியது. அக்கரைக்குப் போய்விடலாம். அதில் சந்தேகமே இல்லை. மேலே கணவாயில் கட்டியிருந்த கலர்த் துணிகள் காற்றில் அடிப்பதுகூடத் தெரிந்தது. ஆறு வண்டியையும் ஒவ்வொன்றாகத் தாண்டவைத்துப் போய்விட்டுச் சாயங்காலம் வரும்போது இதே தண்ணீர் எவ்வளவு இருக்கும்? அக்கரையில் ஒண்டிக்கொள்ள ஒரு கூரை கிடையாது.

கையைத் தூக்கினார். “திரும்புறோம்.”

வழக்கத்தை மீறி ஸ்டான்லியே கேட்டுவிட்டான்.

“ஒரு வளைவுதான் சார்.”

“தெரியும்.”

“இதுக்காகத்தானே சார் வந்தோம்?”

சார் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினார். ஐந்து வண்டியும் திரும்பின. திரும்புகிற ஒவ்வொரு முகத்தையும் அவர் பார்த்தார். அவருக்கே அழுகை வந்தது. மார்க்கெட் முக்கும் பிளெக்ஸும் நினைவில் வந்து நின்றன.

கொஞ்சம் இறங்கியதும் எதிரே வேறு ஊர்ப் பையன்கள் கூட்டம் ஒன்று, கத்திக்கொண்டு, கையசைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனது. சார் வண்டியை நிறுத்தி, தண்ணீர் கூடுகிறது என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை.

அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் கதை லேசாக முடிந்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் கீழே டீக்கடையில் அதே பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். போனார்களாம், பார்த்தார்களாம், மேகம் மூடியதால் தண்ணீர் அவ்வளவாகக் கூடவில்லையாம், ஜம்மென்று வந்துவிட்டார்களாம். போட்டோவெல்லாம் காட்டினார்கள். சாரோடு வந்த ஐந்து பேரும் அந்தப் போட்டோக்களைப் பார்த்தார்கள். அதன்பிறகு ஊர் வந்து சேரும்வரை யாரும் அவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாளையங்கோட்டையில் இறங்கியதும் சார் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு நேரே ஜெசிந்தா வீட்டுக்குப் போனார். அவளுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அவள் ஸ்டான்லியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகுதான் எல்லாரையும் உட்காரச் சொன்னாள்.

ஸ்டான்லி நடந்ததைச் சொன்னான். ஊருக்கு வந்தபிறகு சண்டை போடலாம் அல்லவா, போட்டான். ஒரே ஒரு வளைவு என்றான். சின்னப் பயல்களெல்லாம் போய்விட்டு வந்தார்கள் என்றான். சார் அவன் முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

“அவங்க போயிட்டு வந்துட்டாங்க மாஸ்டர். நான் திருப்பினது தப்பா?”

ஜெசிந்தா மலையில் இதுவரை ஒருவர் பின்னாலும் ஓட்டியதில்லை. கட்டின புருஷன் பின்னால்கூட இல்லை. ஸ்டான்லிக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவள் இப்போது சொன்னதைக் கேட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“பிள்ளை பொறந்து, நடக்கட்டும் சார். அப்புறம் ஒரு பங்குனிக்கு நானும் வாரேன். நீங்க முன்னால போங்க. நான் உங்க பின்னால வாரேன்.”