ஓலையில் நுழைந்த 'ப்'

சேந்தன் என்றொரு ராஜா ஒரு காலத்தில் மருதவயல் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். ஆளுகிறோம் என்பதே அவருக்கு அடிக்கடி மறந்துபோகும். மகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டே தேடுவார். மிரட்ட வந்த பக்கத்து நாட்டுத் தூதரை மூத்த மாப்பிள்ளை என்று நினைத்து, விருந்து வைத்துப் பட்டு வேட்டியும் கொடுத்தனுப்பினார்.

"வல்லாரைக் கீரைச் சாறு மூளைக்கு நல்லது, பிரபு. ஒரு மண்டலம் குடித்தால் ஞாபகம் திரும்பும்" என்றார் அரண்மனை வைத்தியர்.

'வல்லாரை பிழிந்து சாறெடுக்கவும்' என்று ஓலை எழுதச் சொன்னார் ராஜா. எழுதியவர் அரண்மனை எழுத்தரான ஓலைநாயகம் குவலயர். ராஜா எதற்கும் மந்திரி பொன்னம்பியையே கேட்பதில் அவருக்கு ஏக வயிற்றெரிச்சல். நைசாக ஒரு 'ப்' சேர்த்து, 'வல்லாரைப் பிழிந்து' என்று எழுதி முத்திரை வாங்கிவிட்டார்.

மறுநாள் வைத்தியர் கீரை பறிக்கக் குளக்கரைக்குப் போன நேரம் பார்த்து, குவலயர் சபையில் ஓலையை வாசித்தார்.

"வல்லார் என்றால் கெட்டிக்காரர், பிரபு. அவரைப் பிழியச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தச் சபையில் கெட்டிக்காரர் நம் மந்திரிதானே? செக்கு தயார்."

ராஜா தலையைச் சொறிந்தார். "நானா சொன்னேன்? முத்திரை என்னுடையதுதான். அப்படியென்றால் சொல்லியிருப்பேன். பொன்னம்பி, செக்கில் ஏறும்."

பொன்னம்பி கும்பிட்டார்.

"ஏறுகிறேன், பிரபு. ஆனால் ஒரே ஓலையில் என்னைச் செக்கு வரைக்கும் கொண்டுவந்துவிட்டாரே குவலயர், அவரை என்னால் தடுக்க முடிந்ததா? இப்போது எங்கள் இருவரில் வல்லார் யார்? மட்டமான சாற்றைக் குடித்து இருக்கிற ஞாபகமும் போய்விடக் கூடாது பாருங்கள்."

"நியாயம்தான். குவலயரே, நீர் ஏறும்."

குவலயர் பதறிப் பின்வாங்கினார். "பிரபு, நான் சுத்த மக்கு."

"அடக்கமும் இருக்கிறது. சாறு நன்றாக இறங்கும்" என்றார் மந்திரி.

மாட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டதும் குவலயர் தடாலென்று காலில் விழுந்தார். "மக்குதான் பிரபு, சத்தியமாக! நீங்கள் கீரையைப் பிழியச் சொன்னீர்கள். கெட்டிக்காரனாக இருந்தால் நடுவிலே ஒரு 'ப்'பைச் சேர்த்து இப்படி மாட்டிக்கொள்வேனா?"

சபை கொல்லென்று சிரித்தது. ஒரு மண்டலமும் தினம் காலையில் குவலயரே தம் கையால் கீரை பிழிய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

சாறு வேலை செய்தது. முதலில் ராஜாவுக்குத் தமக்கு மகளே கிடையாது என்பது ஞாபகம் வந்தது. அப்புறம், மந்திரியைச் செக்கில் ஏறச் சொன்னதும் வந்தது. வெட்கத்தில் அவருக்கு முகமே சுருங்கிவிட்டது.

"என்னை மன்னித்துவிடும், பொன்னம்பி. இன்று முதல் உமக்கு 'வல்லார்' என்று பட்டம் தருகிறேன்."

"அது மட்டும் வேண்டாம், பிரபு. கீரை கிடைக்காத நாளில் என்னைத் தேடுவீர்கள்."