ஒரே கையால் இரண்டு சத்தியம்

கேட்டுவிட்டு ‘அப்படியா’ என்று எழுந்து போகிற கதை இல்லை இது. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் சொல்லப் பயப்படுகிறவர்கள் இப்போதே நழுவிக்கொள்ளலாம்.

சாத்தூரில் வினோதினி என்று ஒரு பெண். நிலத்தடி நீரைப் பற்றி மேற்கொண்டு படிக்க, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. செலவையும் அதுவே ஏற்றுக்கொண்டது. ஆனால் அவளுடைய பாஸ்போர்ட் அப்பா பழனிவேலின் பீரோவுக்குள் இருந்தது. பீரோச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

சாவியைத் திருப்ப அவர் ஒரு நிபந்தனை வைத்தார். படிப்பு முடிந்த கையோடு திரும்பி வந்து, அத்தை மகன் தனசேகருக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். எந்தத் தனசேகர்? போன பங்குனிப் பொங்கலில் நாலு பேர் பார்க்க அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, யார் யாரோடு பேசியிருக்கிறாள் என்று தேடிப் பார்த்தானே, அவன்தான்.

“சும்மா வாய்வார்த்தை எல்லாம் எனக்கு வேண்டாம் தாயி. சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. இப்பவே பாஸ்போர்ட்டைத் தாரேன்.”

அது மார்கழிக் காலை. குளிருக்குத் தனசேகரின் அம்மா ராசாத்தி அத்தை முந்தானையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். குலசாமி படத்துக்கு முன்னால் தட்டில் சூடம் எரிந்தது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்து, வாயால் சொன்னால்தான் அங்கே சத்தியம் சத்தியமாகும்.

“இவ வராம ஏமாத்துனா என்ன செய்வே தம்பி?” என்று அத்தை கேட்டாள்.

“எளையவ இருக்கால்லக்கா” என்றார் பழனிவேல், கத்தரிக்காய் இல்லையென்றால் வெண்டைக்காய் என்பது போல.

இளையவள் அபிநயா, கல்லூரியில் முதலாம் ஆண்டு. கதவோரம் நின்றிருந்தாள்.

“வந்துருவேன்” என்று சொல்லி வினோதினி கையைத் தாழ்த்தினாள். அனல் உள்ளங்கையை எட்டுவதற்குள் தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்றியது. சூடம் அணைந்து புகைந்தது.

“யாருடி அவ, மார்கழியில ஃபேனப் போட்டது? உடம்புல அம்புட்டுக் கொழுப்பா?” அத்தை சீறினாள்.

“வேர்த்துச்சு அத்தை” என்றாள் அபிநயா.

புகையைப் பார்த்த பழனிவேலுக்கு அதுவே போதும். பீரோ திறந்தது. வினோதினி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். அதில் சூடும் இல்லை, கரியும் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா கோமதி அவளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். வெறும் கிரைண்டரை ஓட விட்டாள், பேச்சு வெளியே கேட்கக் கூடாதென்று. கோமதியும் ஒரு காலத்தில் கல்லூரிக்குப் போனவள்தான். இரண்டாம் ஆண்டில் புத்தகத்தை மூடிவிட்டு மணவறையில் உட்கார வைத்தார்கள்.

“போனவ போனதாவே இரு. திரும்பி வராத. வந்தா உன்னைய உயிரோட பொதைச்சிருவாங்க.” மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் அழுத்திக்கொண்டாள். “வர மாட்டேன்னு சொல்லு. என் தலைமேல சத்தியம்!”

“அப்ப அபி?” என்றாள் வினோதினி.

கோமதி “இவ வர மாட்டா, வர மாட்டா” என்று தானே சொல்லிக்கொண்டு கையை இன்னும் அழுத்தினாள். வினோதினி வாயிலிருந்து அதன் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. கிரைண்டர் மட்டும் ஓடியது.

விசா நேர்காணலுக்குக் குடும்பமே சென்னைக்கு வந்தது. “விசா கெடைக்காட்டி வைகாசியில கல்யாணம்” என்று ரயிலிலேயே சொல்லிவிட்டார் பழனிவேல்.

மற்றவர்கள் தூதரகத்துக்கு எதிரே நடைபாதையில் நின்றார்கள். உள்ளே, கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, ரேகை பதியும் பெட்டியில் விரல்களை வைக்கச் சொன்னார். வைத்தாள். கடைசியாகக் கேட்டார்:

“படிப்பு முடிந்ததும் உங்கள் நாட்டுக்குத் திரும்பி வருவீர்களா?”

வர மாட்டேன் என்றால் விசா இல்லை, வைகாசிதான். வருவேன் என்றால் அந்தச் சொல் எதில் போய் முடியும்? பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார்.

“வருவேன்” என்றாள் வினோதினி. குரல் நடுங்கவில்லை.

விசா கிடைத்தது. வெளியே வந்து, என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்பதை அப்படியே சொன்னாள். “சூடத்துக்குக் கட்டுப்பட்டுட்ட தாயி” என்று பழனிவேல் பூரித்தார். கோமதி தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “அப்ப என் தலை?” என்று முனகினாள்.

“நான் சொன்னது பொய்யில்ல” என்றாள் வினோதினி, இருவருக்கும் சேர்த்து. அபிநயா ஒன்றும் கேட்காமல் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். வினோதினியைக் கட்டுவது எந்தச் சத்தியம்? அந்தச் சன்னலில் அவள் சொன்ன ‘வருவேன்’ யாருக்கு?

விடை: சூடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நம்புகிறவர்களின் சட்டப்படியே வாதாடுகிறேன். அப்பாவிடம் வாய் சொன்னது, கை அணைக்கவில்லை, அணைத்தது ஃபேன். அம்மாவிடம் கை இருந்தது, வாய் சொல்லவில்லை; சொன்னது அம்மா. ஆக, இரண்டுமே அவளுடைய சத்தியம் இல்லை. சாவியைக் காட்டி வாங்குவதும் தலையைக் காட்டி வாங்குவதும் வேறென்னவாகவும் இருக்கலாம், சத்தியமாக இருக்க முடியாது. கையும் வாயும் அவளுடையதாகவே இருந்த இடம் அந்தச் சன்னல் ஒன்றுதான். அக்கா வராவிட்டால் அடுத்தது தன் கழுத்து என்பதைக் காதால் கேட்ட பிறகும், அபிநயாவின் விரல் ஃபேன் சுவிட்சுக்குப் போனது. பதிலுக்கு அவள் எந்த வாக்கும் கேட்கவில்லை. அந்த ‘வருவேன்’ அபிநயாவுக்குத்தான். வினோதினி வருவாள், கழுத்தை நீட்ட அல்ல, தங்கையைக் கூட்டிக்கொண்டு போக.