மந்திரி வீட்டுக்கு அனுப்பிய கண்ணாடி அம்மா

கடல் தண்ணீர் உப்புக் கரிக்காத காலம், அவ்வளவு பழைய காலத்தில், பவழபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதற்கு மந்திரி கோமளவல்லி. கெட்டிக்காரி என்றால் அப்படியொரு கெட்டிக்காரி. ராஜாவுக்குத் தும்மல் வந்தால், "கூப்பிடு கோமளத்தை!" பட்டத்து யானைக்கு விக்கல் வந்தால், "கூப்பிடு கோமளத்தை!" பல்லக்குக்கு என்ன நிறத்தில் திரை கட்டலாம் என்று ராணிக்குக் குழப்பமா? அதற்கும் கோமளம்தான்.

அவளுக்கு நாலு வயசில் ஒரே மகள், அல்லி. தகப்பன் கப்பலோடு போனவன், வருஷத்துக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்ப்பான். கோமளம் மகளுக்குச் சோறு பிசைந்தால் அரண்மனை ஆள் வருவான். தலை பின்ன உட்கார்ந்தால் ஆள் வருவான். கதை சொல்ல ஆரம்பித்தாலோ, கட்டாயம் வருவான். உச்சிப்பொழுதோடு வீட்டுக்கு விடுங்கள் என்று ராஜாவிடம் கேட்டிருக்கலாம். 'பாவம், இவளுக்கு முடியல' என்று சபை சிரித்துவிடுமே என்று வெட்கம்.

அவள் சொன்ன நியாயமான தீர்ப்பால் பிழைத்த மந்திரக்காரி ஒருத்தி, ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள். மூன்று தடவை தட்டினால் அதில் தெரியும் உருவம் இறங்கி வந்து, சொன்ன வேலையைச் செய்யுமாம். "போதும்னு தோணினா, ஊர் கூடின இடத்துல உண்மையை உன் வாயால சொல்லணும். வேற வழியே கிடையாது" என்றும் எச்சரித்தாள்.

கோமளம் தட்டினாள். உருவம் இறங்கி வந்தது. அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அரண்மனையிலேயே தங்கினாள். சோறு ஊட்டுவது அது, தலை பின்னுவது அது, கதை சொல்வதும் அதுதான். ஒரு நாள் என்றது ஒரு மாதம் ஆகி, ஒரு வருஷமும் ஓடிப்போயிற்று.

ராஜகுமாரன் பிறந்தநாள் விருந்துக்கு ஊர்க் குழந்தைகளெல்லாம் வந்தார்கள். அல்லியும் பந்தியில் உட்கார்ந்தாள். இலையில் சோறு விழுந்ததும் இடது கையால் அள்ளி வாயில் போட்டாள். ராஜா பூ கொடுத்தார், அதற்கும் இடது கையை நீட்டினாள். பந்தியே கொல்லென்று சிரித்தது. மந்திரி மகளுக்குச் சோத்துக்கை எதுவென்று தெரியாதா, யார் பழக்கியது என்று ராணி கேட்டாள்.

"எங்கம்மா இந்தக் கையாலதான் ஊட்டும்."

கோமளத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணாடியில் இருந்து வந்ததற்கு வலது இடது மாறித்தானே இருக்கும்! ஒரே ஒரு வேளை, மகள் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்திருந்தால் தெரிந்திருக்குமே. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். அது திமிறி இறங்கியது.

"நீங்க எங்கம்மா இல்ல. எங்கம்மாவுக்கு மச்சம் அந்தப் பக்கத்துக் கன்னத்துல இருக்கும்."

கோமளம் தலை குனிந்தபடியே ராஜா முன்னால் போய் நின்றாள். "வேலை அதிகம்னு சொல்ல வெட்கப்பட்டேன், மகாராஜா. பெத்த பிள்ளைகிட்ட ஒரு கண்ணாடி உருவத்தை அனுப்பினேன். அதுக்கு வெட்கப்படல. இப்பப் படறேன். இனிமே உச்சிவேளை வரைக்கும்தான் நான் மந்திரி. மிச்சத்துக்கு வேற ஆளைப் போடுங்க."

எங்கோ கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. தும்மலுக்கெல்லாம் கூப்பிட்டோமே என்று ராஜாவும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மதியத்துக்கு இன்னொரு மந்திரியை அன்றைக்கே நியமித்தார்.

மந்திரம் போயிற்று. வெட்கம் போகவில்லை. அந்த அம்மா எப்போது வரும் என்று அல்லி மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் குழந்தை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல, "நாளைக்கும் வருவீங்களா?" என்றது.

வருவேன் என்றாள். வந்தாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள்.

வெகுநாள் கழித்து ஒரு வழக்கு இழுத்துவிட, கோமளம் வீடு சேரத் தாமதமாயிற்று. வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள் அல்லி. "எங்கம்மா போன? சோறு ஆறிப்போச்சு, எனக்குப் பசிக்குது!"

அவ்வளவு பெரிய மந்திரி, அந்தத் திட்டைக் கேட்டு அழுதுவிட்டாள். அழுதுகொண்டே கை கழுவிக்கொண்டு வந்து சோறு பிசைந்தாள். அவர்கள் சாப்பிடட்டும், நாமும் எழுந்து போய்ச் சாப்பிடுவோம்.