ஒரு நிமிஷம் கழித்து வாருங்கள்

கீழப்பொட்டலில் தேவநாயகி திருமண மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. ஐந்நூறு பேர் உட்காரலாம், அறுநூறு பேர் சண்டை போடலாம். அதற்கு ஒரு வெப்சைட்டும் உண்டு. தேதியைப் பார்த்து பட்டனை அமுக்கினால் மண்டபம் நம்முடையது.

அந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள முதலாளி நான்கு பேரை வைத்திருந்தார். அடைக்கலம் திரையைப் பார்ப்பான். முத்திருளன் மவுஸைப் பிடிப்பான். வெள்ளைச்சாமி தட்டுவான். தவசி, மற்ற மூவரும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று கவலைப்படுவான். நாலு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான் என்று ஊரில் பேச்சு. அதுகூடக் கொஞ்சம் அதிகம்தான்.

அன்றைக்குக் காலையில் வெப்சைட் படுத்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் அவர்களும் கூடவே படுத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு அடைக்கலத்தின் கல்யாணமே அந்தப் பட்டனில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் மண்டபம் பிடிப்பது பெண் வீட்டார் பாடு. பெண்ணின் அப்பா பிச்சைக்கண்ணு ஊரறியச் சொல்லிவிட்டார்: "ஆவணியோட கடைசி முகூர்த்தம். இன்னிக்குப் பன்னண்டு மணிக்குள்ள மண்டபம் கிடைக்கலேன்னா, பொண்ணு விருதுநகர் மாப்பிள்ளைக்குத்தான்!"

கல்யாணப் பெண் பொன்னரசியை விட்டுக்கொடுக்க அடைக்கலத்துக்கு மனசில்லை. வெப்சைட்டைச் செய்து கொடுத்த மதுரை இன்ஜினியர் தமயந்திக்குப் போன் போட்டான்.

"எவனோ மெஷினை வெச்சு நொடிக்கு ஆயிரம் தடவை தேதி கேக்குறான்," என்றாள் தமயந்தி. "வெப்சைட் என்ன செய்யும் பாவம்! இங்கேர்ந்தே ஒரு வரம்பு போட்டு விடுறேன். நல்லா கேட்டுக்குங்க. ஒருத்தர் நிமிஷத்துக்கு அஞ்சு தடவைதான் கேக்கலாம். ஆறாவது தடவை கேட்டா, ஒரு நிமிஷம் கழிச்சு வரச் சொல்லணும். எந்த வழியா வந்தாலும் இதான் சட்டம். யாருன்னு பாக்காதீங்க. எத்தனை தடவைன்னு மட்டும் எண்ணுங்க."

வெப்சைட் எழுந்து உட்கார்ந்தது. மெஷின்காரன் ஓடியே போனான். அதோடு விட்டிருக்கலாம். விடுவார்களா?

"எந்த வழியா வந்தாலும்னாங்களே," என்றான் முத்திருளன். "நம்ம ஆபீசுக்கு எத்தனை வழி?"

"வாசல் ஒண்ணு, போன் ஒண்ணு," என்றான் வெள்ளைச்சாமி.

"யாருன்னு பாக்கக்கூடாதாமே. கண்ணு தன்னால பாக்குமே, அதுக்கு என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. மூன்று பேரும் துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார்கள். தவசி மட்டும் கட்டவில்லை. நிமிஷம் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே! அவன் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றான்.

போன் அடித்தது. ஐந்து தடவை மணி ஒலிக்கும்வரை எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஆறாவது தடவை ஒலித்ததும் முத்திருளன் எடுத்து, "ஒரு நிமிஷம் கழிச்சு வாங்க," என்று சொல்லி வைத்தான். கூப்பிட்டது முதலாளி.

அதற்குள் கடிகாரம் பதினொன்று அடிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது அடிக்கக் கை ஓங்கியதுதான் தாமதம், தவசி உள்ளே கையை விட்டு, சுத்தியலையும் பெண்டுலத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு நிமிஷம் கழிச்சு அடி," என்றான் கடிகாரத்திடம்.

"நிமிஷம் ஆனதும் சொல்லு," என்றான் வெள்ளைச்சாமி.

"இன்னும் ஆகலை," என்றான் தவசி, முள்ளைப் பார்த்தபடியே.

அந்த நேரம் பார்த்து வாசலில் பிச்சைக்கண்ணு வந்து நின்றார். எதையும் ஏழெட்டுத் தடவை கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டில் பட்டனை ஏழு தடவை அமுக்கி, வெப்சைட்டே அவரை வெளியே தள்ளியிருந்தது. அதனால்தான் நேரில் வந்தார்.

"மாப்ளே, மண்டபம் இருக்கா? தேதி காலியா? ஆவணி இருபத்தொம்பதுதானே? வேற எவனும் பிடிக்கலியே? ஏன் கண்ணைக் கட்டியிருக்கீங்க? கண்ணு வலியா?"

"ஆறு!" என்றான் வெள்ளைச்சாமி. "ஒரு நிமிஷம் கழிச்சு வாங்க."

அடைக்கலம் துள்ளி எழுந்தான். "டேய், இது எங்க மாமா குரல்டா!"

"குரலைக் கேட்டா யாருன்னு தெரிஞ்சிடுது. அது பாத்த மாதிரிதானே?" என்றான் முத்திருளன்.

"பாக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. தெரியக் கூடாதுன்னு சொல்லலியே," என்றான் வெள்ளைச்சாமி.

"அப்ப தெரிஞ்சுக்கலாம். ஆனா கண்டுக்கக் கூடாது," என்று தீர்ப்பானது.

பிச்சைக்கண்ணு கத்தினார், கும்பிட்டார், திண்டாடினார். எல்லாம் எண்ணப்பட்டன. "நிமிஷம் ஆச்சா?" என்று அடைக்கலம் அழாத குறையாகக் கேட்பான். "பதினொண்ணுதான் ஆகுது," என்பான் தவசி. அவனும் பொய் சொல்கிற ஆள் இல்லை. முள் நகரவே இல்லை.

கடைசியில் தவசியின் கை மரத்துப்போய், தானாகக் கடிகாரத்தை விட்டது. மிச்சம் ஆறையும் அது ஒரே மூச்சில் அடித்து முடித்தது. முள் நகர்ந்தது. "ஆச்சு!" என்று தவசி கூவினான். பிச்சைக்கண்ணு உள்ளே பாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கேட்டார். மண்டபம் கிடைத்தது.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. "பன்னண்டு தாண்டியிருக்குமே மாப்ளே?" என்றார் சந்தேகமாக.

"வெயிலுக்கு மணி பாக்கத் தெரியாது மாமா. கடிகாரத்தைப் பாருங்க."

பார்த்தார். பதினொன்று ஒன்று. சொன்ன சொல் தவறவில்லை என்று பிச்சைக்கண்ணுவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஆவணி இருபத்தொன்பது. மண்டபம் நிறைந்த கூட்டம். முகூர்த்தம் முடிய இன்னும் ஒரே நிமிஷம். அடைக்கலம் தாலியைப் பொன்னரசி கழுத்தருகே கொண்டுபோனான். பிச்சைக்கண்ணு உற்சாகமாக, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்! கெட்டிமேளம்! கெட்டிமேளம்! கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

அடைக்கலத்தின் கை அப்படியே நின்றது. "மாமா, ஆறு ஆயிடுச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு கேளுங்க."

மேளம் நின்றது. அட்சதை ஓங்கிய கைகள் ஓங்கியபடியே நின்றன. "கட்டுய்யா!" என்று ஐந்நூறு பேரும் கத்தினார்கள். எவர் எத்தனை தடவை கத்தினார் என்று எண்ண, முத்திருளன் நோட்டோடு பந்தி வரைக்கும் ஓடினான். ஐயர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடைக்கலத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பொன்னரசி கைவிட்டுப் போய்விடுவாளே! ஆனால் சட்டம் சட்டம்தானே?

அதுவரை குனிந்தே இருந்த பொன்னரசி மெல்ல, "கட்டுங்க," என்றாள்.

"இது உனக்கு எத்தனாவது தடவை?"

"முதல் தடவைங்க."

அடைக்கலத்தின் முகம் மலர்ந்தது. ஒரு முடிச்சுப் போட்டான். மேளம் காதைப் பிளந்தது, அட்சதை பறந்தது, பிச்சைக்கண்ணு விக்கி விக்கி அழுதார்.

பொன்னரசி யோசித்தாள். தனக்கு இன்னும் நாலு தடவை இருக்கிறதே, வீணாகப் போகலாமா? "கட்டுங்க, கட்டுங்க, கட்டுங்க, கட்டுங்க," என்றாள்.

மூணு முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் அஞ்சு முடிச்சுப் போட்டு எழுந்தான் அடைக்கலம்.