ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஓராவது ஆள்

உங்கள் ஊரும் என் ஊரும் உண்டாவதற்கு முன்பே மணற்குன்றூர் இருந்தது. அதன் கோட்டையை வெட்சியரையன் என்ற அரசன் வளைத்துக்கொண்டான். அவனுக்கு வரிசை என்றால் பைத்தியம். இலையில் விழும் கறிகாய்கூட வரிசையாகத்தான் கிடக்கவேண்டும்.

"ஊரார் அத்தனை பேரும் வெளியே வாருங்கள். எல்லா வரிசையிலும் ஒரே அளவு ஆள் நிற்கவேண்டும். வரிசையும் பத்துக்குக் குறையக்கூடாது, வரிசைக்கு ஆளும் பத்துக்குக் குறையக்கூடாது. நின்றுவிட்டால் விடுதலை. ஒருவர் மிஞ்சினாலும் எல்லோரும் அடிமை" என்று சொல்லி அனுப்பினான்.

ஊர்க் கணக்கர் சேந்தனார் சிரித்தார். ஊரில் 9990 பேர். பத்து வரிசை போட்டால் தீர்ந்தது. சரி என்று ஒப்புக்கொண்டார்கள்.

விடியும்போது கொற்றி என்பவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

வாசலில் தலை எண்ணிய காவலர்கள் அதையும் எண்ணினார்கள். "பெயர் வைக்காத பிள்ளையை நாங்கள் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை, அரசே" என்று சேந்தனார் மன்றாடினார்.

"அழுகிறதே, ஆள்தான். இடைஞ்சலாக இருந்தால் என்னிடம் கொடுத்துவிடுங்கள், கணக்கு நேராகிவிடும். பொழுது சாயும்வரை கெடு" என்றான் அரசன்.

பதினோரு வரிசை போட்டார்கள், மூன்று பேர் மிச்சம். பதின்மூன்று போட்டார்கள், ஏழு பேர் மிச்சம். பதினேழு போட்டார்கள், பன்னிரண்டு பேர் மிச்சம். வெயில் இறங்க இறங்க மிச்சம் ஏறிக்கொண்டே போனது. "இது பகா எண். எதிலும் அடங்காது" என்று சேந்தனார் சொல்லிவிட்டார்.

கூட்டம் மெல்லக் கொற்றியின் பக்கம் திரும்பியது. ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"முழுக்கப் பார்த்துவிட்டா சொன்னீர்கள், கணக்கரே?"

சேந்தனார் தலை குனிந்தார். "இல்லை அம்மா. பயத்தில் சொல்லிவிட்டேன்."

"அப்படியானால் இன்னும் பாருங்கள்."

வெட்கம் பிடுங்கித் தின்ன, அவர் நூறு வரிசை போட்டார். வரிசைக்கு நூறு பேர். கடைசி வரிசையில் ஒன்பது இடம் காலியாக நின்றது. காவலர்கள் சிரித்தார்கள். சூரியன் மலையைத் தொட்டது.

"குறையை ஒரே வரிசை ஏன் சுமக்கவேண்டும்?" என்றார் சேந்தனார். அதற்கு முன்னிருந்த இரண்டு வரிசைகளும் மும்மூன்று பேரைப் பின்னால் அனுப்பின. இப்போது மூன்று வரிசையிலும் தொண்ணூற்றேழு பேர். அவர் மற்ற வரிசைகளை எண்ணிப் பார்த்தார். அவற்றின் எண்ணிக்கையும் தொண்ணூற்றேழுதானே!

"இந்த மூன்று வரிசையும் கலைந்து, அந்தத் தொண்ணூற்றேழு வரிசைகளின் ஓரத்துக்கு ஓடுங்கள். வரிசைக்கு மூவராக நில்லுங்கள்!"

ஓடினார்கள். தொண்ணூற்றேழு வரிசை, வரிசைக்கு நூற்றுமூன்று பேர். ஓர் ஓரத்தில், விரித்த துணியில், தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டு குழந்தை கிடந்தது. அரசன் மூன்று தடவை எண்ணச் சொன்னான். ஒருவரும் மிஞ்சவில்லை. படையைத் திருப்பிக்கொண்டு போனான்.

அதன்பின் வெகுநேரம் கொற்றியை நிமிர்ந்து பார்க்க ஊராருக்குத் துணிவு வரவில்லை.

கேட்டீர்களா, எல்லோரும் அடங்கும் வழியைக் கடைசிவரை தேடாமல், யாரைக் கழிக்கலாம் என்று பார்க்கவே கூடாது.